கலிபோர்னியாவின் ஐந்தடியும் விக்டோரியாவின் பத்து மீட்டரும்

காட்டை ஒட்டி வீடு இருந்தால், காட்டுத்தீ அண்டாமலிருக்க எவ்வளவு தூரம் சுத்தம் செய்ய வேண்டும்? கலிபோர்னியாவில் கேட்டால் 100 அடி என்பார்கள், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 30 மீட்டர். கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று கட்டளை, மற்றது அனுமதி.

கலிபோர்னியாவில் தீ அபாயப் பகுதி வீட்டுக்காரர், 100 அடியோ தன் மனை எல்லையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை புல்லைக் குறைத்துச் சருகை அள்ளியே ஆகவேண்டும். பரிசோதனைக்கும் ஆள் வருவார்கள். விக்டோரியாவின் 10/30 விதி, பெரும்பாலும் 2009 செப்டம்பருக்கு முந்தைய வீடுகளுக்கானது. 10 மீட்டருக்குள் மரத்தையே வெட்டலாம், 30 மீட்டருக்குள் மரம் தவிர மற்றதை வெட்டலாம், திட்ட அனுமதி கேட்க வேண்டாம். சோம்பேறியாக விட்டுவைத்தால் இந்த விதி ஒன்றும் செய்யாது. அதே 2009 பிப்ரவரி 7-இல் 173 உயிர்களைத் தீக்குக் கொடுத்த மாநிலம் என்பதை நினைத்தால் எனக்கு இது போதவில்லை.

சரி, புது வீடு கட்டுவது? இங்கே ஆஸ்திரேலியா ஒரு படி மேல். காட்டுத்தீப் பகுதியில் கட்டுவதற்கான அதன் ஏஎஸ் 3959 தரநிலை ஒவ்வொரு மனையாகப் பார்க்கிறது: பக்கத்தில் என்ன மரம், எத்தனை மீட்டர், நிலம் எவ்வளவு சரிவு. தீ மேட்டில் ஏறும்போது வேகமெடுக்கும் என்பதால் சரிவு முக்கியம். அதை வைத்து ஆறு நிலைகளில் ஒன்று கிடைக்கும்; கண்ணாடி, கதவு, கூரை எல்லாம் அதன்படி. கலிபோர்னியாவின் 2008 கட்டட விதி பகுதியைத்தான் பார்த்தது. பகுதிக்குள் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே விதி.

இருந்தாலும் வீட்டைப் பெரும்பாலும் பற்றவைப்பது காற்றில் பறந்துவரும் கங்குதான், சுவர்போல் நேரே வரும் தீ அல்ல. அதனால் இரண்டுமே காற்றுத் துவாரங்களுக்கு வலை கேட்கின்றன: ஆஸ்திரேலியாவில் 2 மி.மீ. கண், கலிபோர்னியாவில் அதிகபட்சம் கால் அங்குலத்தில் பாதி. மேல்மாடப் பரணுக்குள் ஒரு கங்கு நுழைந்தால் போதும், கூரை உள்ளிருந்தே எரியும்.

கங்குக்கு எதிராகப் போடப்பட்டதுதான் கலிபோர்னியாவின் ‘சுழிய மண்டலம்’. சுவரிலிருந்து முதல் 5 அடியில் எரியும் பொருளே கூடாது என்பதே அதன் நோக்கம். 2020-இல் சட்டம் வந்தும் விதிமுறை எழுதுவது வருடக்கணக்கில் இழுத்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்த பிறகுதான் ஆளுநர் அவசரப்படுத்தினார். வாசல் ரோஜாவைப் பிடுங்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் அந்த ஐந்தடியை எடுப்பேன். சுவரோரப் பட்டைச் சிராய்க்குப் பதிலாகச் சரளைக்கல், வீட்டைத் தொடும் மரவேலியின் கடைசித் துண்டுக்குப் பதிலாக இரும்புக் கேட், கூரையோரத் தூம்பில் சேர்ந்த சருகை அள்ள ஒரு ஏணி. ஒரு வார இறுதியில் முடிகிற வேலை.