வளைய நெபுலாவுக்கு 80 மி.மீ. போதுமா, 8 அங்குலம் வேண்டுமா?

கோள்வடிவ நெபுலாவை (சாகும் நட்சத்திரம் உதறிய வாயுக் கூடு) படமெடுக்க எந்தத் தொலைநோக்கி தோது என்று கேட்டால், அது குட்டியூண்டு, பெரிய தொலைநோக்கிதான் சரி என்று பட்டென்று பதில் வரும். பாதி உண்மை. என் மொட்டை மாடியில் இரண்டுமே இருக்கின்றன: 480 மி.மீ. குவியத் தூரமும் 80 மி.மீ. வாய் அகலமும் உள்ள ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), 2032 மி.மீ. உள்ள 8 அங்குல ஷ்மிட்-காசெகிரெய்ன் (ஆடியால் ஒளியைக் குவிக்கும் வகை). கேமரா ஒன்றுதான், 3.76 மைக்ரான் பிக்சல்.

லைரா மண்டலத்து வளைய நெபுலா எம்57 நீளவாக்கில் சுமார் 86 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையை 3600 ஆக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). ரிஃப்ராக்டரில் ஒரு பிக்சலுக்கு 1.6 ஆர்க்செகண்ட் என்பதால் ஐம்பத்துச் சொச்சம் பிக்சல்தான் தேறும். பெரிதாக்கினால் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை தெரியும், அவ்வளவுதான். 8 அங்குலத்தில் அதே வளையம் 225 பிக்சல். உள்ளே நீலப்பச்சையும் வெளியே சிவப்பும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இதில் போட்டியே இல்லை.

எம்27 என்றால் கதை வேறு. டம்பெல் நெபுலா எனும் இந்தக் கோள்வடிவ நெபுலா 8 ஆர்க்மினிட் (480 ஆர்க்செகண்ட்) நீளம், அதனால் சின்னதிலேயே 300 பிக்சல் வந்துவிடுகிறது, சுற்றியுள்ள பால்வீதி நட்சத்திரக் கூட்டமும் இலவசமாக விழுகிறது.

அப்புறம் டிராக்கிங், அதாவது வானம் நகர நகரத் தொலைநோக்கியும் கூடவே திரும்புவது. பெரியதில் கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்துத் தடம் திருத்துவது) இல்லாமல் 60 நொடி எக்ஸ்போஷர் வைத்த முதல் மாதம் முழுக்க நட்சத்திரமெல்லாம் அரிசி மணியாக நீண்டுதான் வந்தன. ரிஃப்ராக்டரில் அதே மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் தாங்கி), அதே 60 நொடி, ஒரு குறையும் தெரியவில்லை. நல்லவேளை, வளைய நெபுலா சின்னதானாலும் அந்தச் சின்ன இடத்துக்குள் பளிச்சென்று இருப்பதால் 10 நொடிப் படங்களாக 400 எடுத்து ஸ்டாக் செய்தால் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்) போதும். பெரியதில் பிக்சலுக்கு 0.38 ஆர்க்செகண்ட் என்பதும் வெறும் பெருமைதான். காற்றின் அலைச்சலே 2, 3 ஆர்க்செகண்ட் கலைத்துவிடுகிறது, 2×2 பின்னிங் செய்தாலும் (நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்தாலும்) ஒன்றும் குறையாது. முன்கண்ணாடியில் பனி கோர்ப்பது தனித் தொல்லை. கறுப்பு சார்ட் அட்டையைச் சுருட்டி மாட்டியும் ஒருநாள் இரண்டு மணிக்கே மூட்டை கட்டினேன்.

ஊர் வெளிச்சத்துக்கு ஆக்சிஜனின் 500.7, ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் இரண்டுக்குமே வேண்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 80 மி.மீ. வாங்குங்கள், எம்27-இல் தொடங்குங்கள். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: வளையத்தின் நடுவே இருக்கும் நட்சத்திரம் 15-ஆம் ஒளியளவையும்விட மங்கல் (இந்த எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு). ரிஃப்ராக்டரில் தேடித் தேடி அலுத்துப்போனேன். 8 அங்குலத்தில் அந்த 400 படங்களையும் அடுக்கிய இரவு, ஊசி குத்தியது போல அங்கேயே இருந்தது.