வண்டியை எங்கே விடுவது? கிருஷ்ணகிரியிலிருந்து மூன்று கடற்கரைகள்

கிருஷ்ணகிரியில் கடல் இல்லை. ரயில் நிலையமும் இல்லை. இந்த இரண்டு குறைகளும் சேர்ந்து, கடற்பறவை பார்க்க ஆசைப்படும் எங்கள் ஊர்க்காரர் எவரையும் காரில் ஏற்றிவிடுகின்றன. காரில் போனவர் கடலோரத்தில் அதை எங்காவது நிறுத்தியாக வேண்டும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

நாங்கள் நான்கு பேர். மார்கழி பிறந்ததும் எந்தக் கரைக்குப் போவது என்று எங்களுக்குள் சண்டை வரும். மரக்காணம், பழவேற்காடு, கோடியக்கரை மூன்றுக்கும் போய் வந்திருக்கிறோம். எங்கே எத்தனை வகைப் பறவை என்று கணக்கெடுத்து ஒப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். என் அளவுகோல் வேறு. வண்டி எங்கே நின்றது, அதனால் யாருக்கு இடைஞ்சல், இறங்கியபின் எவ்வளவு நடந்தோம் என்பதை வைத்துத்தான் நான் ஊரை எடை போடுகிறேன். இந்த அளவுகோலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மீனவர் குப்பம்.

மரக்காணத்துக்கு வடக்கே இருக்கிறது அது, பெயர் வேண்டாம். விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். படகுகளுக்குப் பின்னால் மணல் இறுகி, அகலமாக, காலியாகக் கிடந்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று நிறுத்திவிட்டு, அலையோரமாகத் தெற்கே நடந்தோம். பின்வாங்கும் அலையைத் துரத்திக்கொண்டு ஓடி, மணலைக் குத்திவிட்டு, அடுத்த அலை வருமுன் திரும்பி ஓடிவரும் உள்ளான்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. எட்டு மணிக்குத் திரும்பி வந்தால், காரைச் சுற்றி நான்கு பக்கமும் நெத்திலி. பழைய வலைகளை விரித்து அதன்மேல் பரப்பியிருந்தார்கள். கார் நின்ற இடம் மட்டும் வெட்டி எடுத்ததுபோல் நீள்சதுரமாக விடுபட்டிருந்தது. சக்கரத்துக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி கூட இல்லை.

எங்களில் ஒருவர் சட்டம் பேசினார். கடற்கரை எல்லாருக்கும் பொது என்றார். மீன் பரப்பிக்கொண்டிருந்த அம்மாள் நிமிரவே இல்லை. "பொதுதான் தம்பி. நேற்றும் இங்கேதான் காயப்போட்டோம், நாளைக்கும் இங்கேதான் காயப்போடுவோம். உங்கள் வண்டி நாளைக்கும் வருமா?" என்று கேட்டுவிட்டு, "போய்ப் பறவை பாருங்கள். வெயில் நன்றாக இருக்கிறது, மூன்று மணிக்கு அள்ளிவிடுவோம்" என்றார். மூன்று மணி வரை இருந்தோம்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. எங்கள் ஊரில் கேழ்வரகு அறுப்பு நேரத்தில் களத்தில் யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் என் பாட்டி என்ன பேசுவார் என்பது எனக்குத் தெரியும். களம் ஆண்டில் பத்து மாதம் சும்மாதான் கிடக்கும். அதற்காக அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடாது. கடற்கரை மணலும் ஒரு களம்தான் என்பது களத்துமேட்டில் வளர்ந்த எனக்கு ஐம்பது வயதுக்குமேல்தான் உறைத்தது.

இனி ஊர்களுக்கு வருகிறேன்.

மரக்காணத்தை முதலில் சொல்ல ஒரே காரணம் சாலை. கிருஷ்ணகிரியில் ஏறினால் ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி என்று ஒரே நெடுஞ்சாலை திண்டிவனம் கொண்டுபோய் விடும்; அங்கிருந்து கிழக்கே திரும்பினால் மரக்காணம். மொத்தம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால் விடியலுக்குக் கடல். ஊத்தங்கரையைக் கடக்கும்போதெல்லாம் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அங்கே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டுபோன காட்சி நினைவுக்கு வரும். நீரோரம் வண்டி நிறுத்துவதைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்கே சொந்தப் பாடம் ஒன்று இருக்கிறது.

மரக்காணத்தில் பார்க்க வேண்டியது கடலைவிடக் கழுவெளி. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் பெரிய ஆழமற்ற ஏரி. ஓடை வழியாகக் கடலோடு தொடுப்பு உண்டு. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கூழைக்கடா, சங்குவளை நாரை, நெடுங்கால் உள்ளான், வாத்துக் கூட்டங்கள், பக்கத்து உப்பளங்களில் சில நாள் பூநாரை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்திலிருந்தே உப்பளப் பாத்திகள் தெரியும் என்பதால் எல்லாரும் சாலையோரம் ஒதுக்கி நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, சாலையில் பறக்கும் பஸ்களுக்குப் பக்கத்தில் கருவி வைக்கும் முக்காலியை நட்டுவைத்து நிற்பது. அது அவரவர் உயிர். இரண்டாவது, உப்பளத்துக்குள் போகும் மண்பாதையின் வாயில் காரைச் செருகுவது. மழைக்காலத்தில் பாத்திகளில் வெறும் மழைநீர்தான் நிற்கும், பாதையில் ஆள் நடமாட்டம் இருக்காது; காலி இடம் என்று தோன்றும். மழை ஓய்ந்து உப்பு விளையத் தொடங்கியதும் அதே பாதையில் லாரியும் டிராக்டரும் வரும். உப்பு வாரும் ஆட்கள் விடியற்காலையில் வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்ப்பவர்கள். பறவை பார்ப்பவருக்கும் அதே நேரம்தான் வேண்டும். உள்ளான் பறந்துவிடும் என்பதற்காக லாரியைப் பத்து நிமிடம் காக்கவைத்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், ஓட்டுநர் பொறுமைசாலி.

என் யோசனை, மரக்காணம் ஊருக்குள் கடைத்தெருவை ஒட்டி எங்காவது வண்டியை விட்டுவிட்டு நடப்பது, அல்லது உள்ளூர் ஆட்டோவை அரைநாளுக்குப் பேசிக்கொள்வது. ஆட்டோக்காரருக்கு எந்தப் பாதையில் எப்போது லாரி வரும் என்பது தெரியும். அரைநாள் வாடகையில் வழிகாட்டியும் கிடைத்துவிடுகிறார்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. கார் நல்ல மறைவிடம். உப்பள வரப்போரம் காரை மெதுவாக உருட்டி நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தால், பவளக்கால் உள்ளான் பத்தடியில் மேய்ந்துகொண்டிருக்கும். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால் மொத்தக் கூட்டமும் கூவிக்கொண்டு கிளம்பிவிடும். நடந்து போகிறவனைவிடக் காரில் இருப்பவன் பறவையைக் குறைவாகத்தான் கலைக்கிறான். எங்கள் குழுவில் படம் எடுப்பவர் இதைச் சொல்லித்தான் ஒவ்வொரு ஆண்டும் சண்டையில் ஜெயிக்கிறார். நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது வரப்புப் பாதைக்குப் பொருந்தும், மணலுக்குப் பொருந்தாது. மணலில் உப்புக்கொத்திப் பறவை முட்டையிடுவது வெறும் சிறு பள்ளத்தில். முட்டையும் மணல் நிறம். தை, மாசியில் இதே கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். டயருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

பழவேற்காடு வேறு கதை. காரில் போனால் சென்னையைத் தாண்டி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர்ச்சாலையில் வண்டிகள் முட்டி நிற்கும். கடற்கரை இருப்பது பாலம் தாண்டி, லைட்ஹவுஸ் பக்கம். பாலத்துக்கு இப்பாலும் அப்பாலும் நிறுத்த இடம் தேடுகிறவர்களுக்கும், வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிவரும் வண்டிகளுக்கும் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டபடிதான் நான் முதல்முறை இருநோக்கியைக் கண்ணில் வைத்தேன்.

இந்த ஊரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. தண்ணீரையே முறைபோட்டுப் பங்கிட்டவர்கள் அவர்கள். அங்கே போய்க் கரையில் கண்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு, "இங்கே நிறுத்தக்கூடாது என்று பலகை இருக்கிறதா?" என்று கேட்பது அறியாமை. 'பாடு' முறைக்கும் பலகை கிடையாது.

ஆனால் மூன்று ஊர்களில் கார் இல்லாமல் போய்வர ஏற்றது பழவேற்காடுதான். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து ரயிலில் சென்ட்ரல், பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறிப் பொன்னேரி, அங்கிருந்து பஸ். முதல் நாளே கிளம்பி இரவு வழியில் தங்கினால் விடியலைப் பிடிக்கலாம். முக்காலியைத் தூக்கிக்கொண்டு நான்கு வண்டி மாறுவது இடுப்பை ஒடிக்கும், மறைக்கவில்லை. இறங்கியபின் இருக்கும் நிம்மதிக்கு அது தகும். டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, ஏரியோரமாக நடந்து, ஆலாப் பறவைகள் மீனுக்குத் தலைகீழாகப் பாய்வதைப் பார்த்துக்கொண்டு, பசித்தபோது சாப்பிட்டுத் திரும்பலாம். திரும்பிப் போகும்போது கார் இருக்குமா, கண்ணாடி இருக்குமா என்ற நினைப்பு வேண்டாம். யாராவது படகில் ஏற்றிக்கொள்கிறேன் என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின்தான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது.

பூநாரைக் கூட்டத்தைக் காணத்தான் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல்: ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்கு நடுவாகவே போகும். கூட்டம் அந்தப் பக்கம்தான் அதிகம்.

கோடியக்கரைக்கு வண்டித் தகராறே கிடையாது, அல்லது நான் பார்க்கவில்லை. காரணம் எளிது. 1967 முதல் சரணாலயம், தமிழகத்தில் முதன்முதலாக 2002இல் ராம்சர் தகுதி பெற்ற இடம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகள் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்த இடம். வனத்துறை வாயிலில் கட்டணம் கட்டி, அவர்கள் அனுமதிக்கும் பாதையில் போய்த் திரும்பலாம். வெளிமான் புல்வெளியில் மேயும். அப்பால் சதுப்பில் பூநாரை, நீள அலகுள்ள கரைப்பறவைகளான மூக்கன், கோட்டான் (ஆந்தை அல்ல) எல்லாம். கஜா புயல் 2018 நவம்பரில் மரங்களை முறித்துப்போட்டபின் காட்டின் முகமே மாறிப்போனது. நமக்குச் சிக்கல் தூரம். சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழியாக நானூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். வேதாரண்யத்தில் இரண்டு இரவாவது தங்காமல் போய்வருவது வீண்.

சரி, இந்தத் தகராறுகளை யார் ஒழுங்குபடுத்துவது? வாகனக் கட்டணத்தைக் குத்தகைக்கு விடுவது, குப்பத்தாரே வசூலிப்பது, வனத்துறை வாயில் என மூன்று ஏற்பாடுகளுக்கும் நான் காசு கொடுத்திருக்கிறேன். குத்தகைக்காரருக்கு எத்தனை வண்டி வந்தாலும் லாபம். மணல் கொள்ளுமா என்பது அவர் கவலை இல்லை. ஓர் ஊரில் ரசீதில் ஒரு தொகையும் கேட்டது வேறொரு தொகையுமாக இருந்தது. கேட்டதற்கு, அது பழைய ரசீதுப் புத்தகம் என்றார்கள். குப்பத்து இளைஞர்கள் வசூலிக்கும் இடத்தில் ரசீதே இல்லை, ஆனால் எங்கே நிறுத்தக்கூடாது என்பதில் அவர்கள் குறி தப்புவதில்லை. கரைவலைக் கயிறு எந்தப் பக்கம் வரும், ஏலம் எத்தனை மணிக்கு, எந்தப் படகு எப்போது ஏறும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ரசீது புத்தகம் ஒன்றை அடித்து அவர்கள் கையில் கொடுத்தால் என் ஓட்டு அவர்களுக்கே.

நகரத்தில் இது பெரிய அளவில் வெடித்ததை 2023 ஏப்ரலில் பார்த்தோம். மெரினா லூப் சாலையில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நொச்சிக்குப்பத்து மீன் கடைகளை அகற்றப் போனார்கள். மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். மாநகராட்சி அங்கே கட்டிய மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சாலைக்குக் கடை இடைஞ்சலா, குப்பத்துக்குச் சாலை இடைஞ்சலா என்பது யார் முதலில் வந்தார் என்பதைப் பொறுத்தது. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில், மீனவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குறித்திருந்தாலும் அந்தக் காலை இருட்டில் நாங்கள் அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டா நிறுத்தியிருப்போம்?

கடலே வேண்டாம், பக்கத்திலேயே போதும் என்பவர்களுக்குக் கே.ஆர்.பி. அணை இருக்கிறது, பாரூர் ஏரி இருக்கிறது. வார நாளில் போனால் நீர்க்காகமும் ஆற்று ஆலாவும் நமக்கே நமக்கு. ஞாயிற்றுக்கிழமை அணைப்பக்கம் பொரித்த மீன் வாசனைக்கு வரும் கூட்டத்தில் பறவை தேடுவது வீண்வேலை. ஆடிப்பெருக்கன்று அந்தத் திசைக்கே தலைவைக்காதீர்கள்.

இந்தத் தையில் எங்கள் ஏற்பாடு முடிவாகிவிட்டது. மரக்காணம், வண்டி ஊருக்குள், ஆட்டோ அரைநாள். படம் எடுப்பவர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாளிடம் அன்றைக்கு இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினோம். காரில் வாசனை செங்கம் தாண்டியும் போகவில்லை, பொங்கல் வரைக்கும் இருந்தது. இந்த முறை ஐந்து கிலோ வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.