மிச்சிகன் ஸ்டேடியம், ஆன் ஆர்பர்: ஒஹாயோ பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை மதிப்பெண் உட்காரும் பெஞ்சுக்காக. ஆட்டத்தில் குறைக்க ஒன்றுமில்லை.

இது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானம். பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ரசிகர்களுக்கு இந்த மதிப்பெண்ணை எழுதக் கை வராது. மிச்சிகனோடு மோதும் வாரத்தில் கொலம்பஸ் நகரிலுள்ள நம் வளாகத்துப் பலகைகளில் மிச்சிகனின் முதலெழுத்தான 'எம்' எங்கிருந்தாலும் அதன் மேல் சிவப்புப் பட்டையால் பெருக்கல் குறி போட்டு மறைத்துவிடுவார்கள். மிச்சிகனை ஜெயித்தால் ஆட்டக்காரர்களுக்குக் குட்டித் தங்கக் கால்சட்டைப் பதக்கம் ஒன்றைத் தரும் வழக்கம் 1934இல் தொடங்கியது. இரண்டு மாநிலங்களும் டோலிடோ நகரம் யாருக்கு என்று 1835இல் படை திரட்டியவை. இவ்வளவு பகை இருந்தும் சொல்கிறோம்: கல்லூரிக் கால்பந்தில் அக்கறை உள்ள ஒஹாயோ ரசிகர் ஒருமுறையாவது டிக்கெட் எடுத்து ஆன் ஆர்பர் போய் உட்கார வேண்டும். 2021, 2022, 2023, 2024 என்று நான்கு வருடம் வரிசையாக நம்மைத் தோற்கடித்த அணி எப்படி ஜெயித்தது என்பது டிவியில் பாதிதான் தெரியும். கேமரா பந்தின் பின்னால் ஓடும். மிச்சிகன் ஆட்டத்தை ஜெயித்தது பந்து இல்லாத இடத்தில்.

அதனால் முதலில் இருக்கையைப் பற்றி. நடு மைதானத்துக்கு நேராக உட்கார்ந்தால்தான் நல்ல இடம் என்று எல்லோரும் அங்கே பணத்தைக் கொட்டுவார்கள். பந்தை எறிந்து ஆடும் அணிக்கு அது சரி. பந்தைக் கையில் பிடித்து ஓடி ஆடும் அணியைப் படிக்க வேண்டுமென்றால் எண்ட் ஸோன் (மைதானத்தின் முனையில் புள்ளி எடுக்கும் பகுதி) பக்கம், கோல் கம்பத்துக்குப் பின்னால், பாதிக்கு மேலான வரிசையில் எடுங்கள். விலையும் பொதுவாகக் குறைவாக இருக்கும். பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று வழி திறக்கும் லைன்மேன் ஐந்து பேரும் உங்களுக்கு நேர் எதிரே நிற்பார்கள். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் கைமாறியதும், எந்த இடைவெளி திறக்கிறது, யார் யாரைத் தள்ளுகிறார்கள், எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் எந்தப் பக்கம் ஏமாந்து சாய்கிறார் என்பதெல்லாம் அங்கிருந்து தெளிவாகத் தெரியும். முதல் பத்து வரிசை வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் நிற்கும் ஆட்டக்காரர்கள் மறைப்பார்கள். தரைமட்டத்திலிருந்து பார்த்தால் இருபத்திரண்டு பேரும் ஒரே கும்பலாகத்தான் தெரிவார்கள்.

உட்கார்ந்ததும் என்ன பார்ப்பது? மிச்சிகன் அந்த வருடங்களில் திரும்பத் திரும்ப ஆடியவை இரண்டு வகை ஓட்டம். ஒன்று 'டுவோ'. லைனில் பக்கத்துப் பக்கத்து ஆட்கள் இருவர் சேர்ந்து எதிரணித் தடுப்பாளர் ஒருவரை அப்படியே பின்னால் தள்ளி, அவரையே லைன்பேக்கர் மேல் கொண்டுபோய் மோதவிடுவார்கள். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் அவசரப்பட மாட்டார். நடு லைன்பேக்கர் எந்தச் சந்தில் நுழைகிறார் என்று பார்த்துவிட்டு அடுத்த சந்தில் போவார். இன்னொன்று 'பவர்'. இதில் ஒரு பக்கத்து கார்டு (லைனில் நடு ஆளுக்கு அடுத்து நிற்பவர்) தன் இடத்தை விட்டுக் கிளம்பி, பின்புறமாகச் சுற்றிவந்து மறுபக்கம் திறந்த வாயிலில் முதல் ஆளாக நுழைவார். இரண்டும் பழைய சரக்கு. எதிரணிப் பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் தடுக்க முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தள்ளும்போது தோளும் தோளும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஓர் அங்குலம் பிரிந்தாலும் தடுப்பாளர் நடுவில் புகுந்துவிடுவார். பெரும்பாலான கல்லூரி அணிகளில் அந்த அங்குலம் பிரியும். இவர்களிடம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நான்காம் குவார்ட்டரிலும் பிரியவில்லை. நாட்டிலேயே சிறந்த அஃபென்ஸிவ் லைனுக்கான (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை) ஜோ மூர் விருதை 2021, 2022 இரண்டு வருடமும் இவர்களுக்கே கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை.

சரி, ஓட்டத்தை அடக்க ஆட்களை முன்னால் குவிக்கலாமே? குவித்தோம். 2022இல் கொலம்பஸில், கடைசிக் காவலாகப் பின்னால் நிற்கும் சேஃப்டிகளை முன்னால் இழுத்து ஆடினோம். முன்வரிசையைத் தாண்டிவிட்டால் பின்னால் பிடிக்க ஆளில்லை. மிச்சிகனின் டோனோவன் எட்வர்ட்ஸ் நான்காம் குவார்ட்டரில் ஒன்று 75 யார்டு, ஒன்று 85 யார்டு என்று இரண்டு டச்டவுன் (எதிரணி எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோவது) ஓடினார். 45-23. முந்தைய வருடம் ஆன் ஆர்பரில், பனிப்பொழிவில், ஹசன் ஹாஸ்கின்ஸ் ஒருவரே ஐந்து டச்டவுன். 42-27. அந்த இரண்டு தோல்விக்கும் அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்பவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

இந்த மைதானத்தில் நடந்ததிலேயே ஒஹாயோ ரசிகர் நெருங்கிப் பார்க்க வேண்டியது 2023 நவம்பர் 25. இரண்டு அணியும் அதுவரை தோற்காமல் 11-0. மூன்றாம் குவார்ட்டரில் மிச்சிகனின் வலது கார்டு ஸாக் ஸின்டர் கால் முறிந்து விழுந்தார். லைனின் தலைவர் அவர். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்த இடம் அமைதியானது. வலது டேக்கிளாக (லைனின் ஓரத்து ஆள்) இருந்த கார்சன் பார்ன்ஹார்ட்டை கார்டு இடத்துக்கு நகர்த்தினார்கள். டிரென்டி ஜோன்ஸ் டேக்கிளாக உள்ளே வந்தார். அடுத்த ஸ்னாப்பிலேயே பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன். லைனின் வலப்பக்கம் முழுவதும் மாறிய முதல் ஸ்னாப்பிலேயே அப்படி ஒரு வழி திறந்தது என்றால், மாற்று ஆட்களும் அதே வேலையை அதே அளவு பழகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குக் குறுக்குவழி கிடையாது. பிறகு நாம் 27-24 என்று நெருங்கினோம். எட்டு நிமிடம் மிச்சம். அவர்கள் பந்தை வாங்கி ஏறக்குறைய ஏழு நிமிடம் நம் கையில் கொடுக்கவே இல்லை. நகர்ந்து நகர்ந்து வந்து கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் அடித்து 30-24 ஆக்கினார்கள். நமக்கு மிஞ்சியது ஒரு நிமிடம் சொச்சம். கடைசியில் மிச்சிகனின் ராட் மூர் பந்தைப் பறித்தார், முடிந்தது.

சைகை திருட்டு விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. மிச்சிகன் ஊழியர் ஒருவர் எதிரணிகளின் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பயிற்சியாளர் சைகைகளைப் பதிவு செய்ய வைத்தார் என்று 2023 அக்டோபரில் வெடித்தது. அது விதிமீறல், கறை, அபராதமும் தடைகளும் 2025 ஆகஸ்டில் விதிக்கப்பட்டன. வெற்றிகளை ரத்து செய்யவில்லை. அந்தக் கறையை நாம் மறக்கப் போவதில்லை, மறக்கவும் வேண்டாம். ஆனால் விவகாரம் வெளிவந்து, அந்த ஊழியர் பதவி விலகி, அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா பருவத்தின் கடைசி மூன்று லீக் ஆட்டங்களுக்கு மைதானத்துக்குள் வரக்கூடாது என்று தடையான பிறகுதான் அவர்கள் பென் ஸ்டேட் ஊருக்குப் போய், தொடர்ந்து 32 முறை ஓடியே ஆடி 24-15 என்று ஜெயித்தார்கள். இரண்டாம் பாதியில் கணக்கில் ஏறிய எறிதல் ஒன்றுகூட இல்லை. அடுத்தது ஓட்டம்தான் என்று அங்கிருந்த குழந்தைக்கும் தெரியும். சைகை தெரிந்து ஜெயித்தார்கள் என்ற வாதம் அந்த 32 ஓட்டத்தில் நிற்காது. 2024 ஜனவரி 1 அன்று அரையிறுதியான ரோஸ் பவுலில் அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 27-20, ஜனவரி 8 ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13. இறுதி ஆட்டத்தில் ஓடியே 303 யார்டு. 15-0. அந்தத் தேசியப் பட்டம் உழைத்து வாங்கியது.

இனி மைதானம். 1927இல் திறந்தது. அதன் முறைப்படியான தொடக்க விழா ஆட்டமே ஒஹாயோவோடுதான், அதிலும் 21-0 என்று தோற்றோம். இப்போதைய கொள்ளளவு 1,07,601, அமெரிக்காவிலேயே பெரியது. கடைசியில் வரும் அந்த 'ஒன்று' முன்னாள் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லருக்கு ஒதுக்கிய இருக்கை என்பார்கள்; அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்வதில்லை. முக்கால்வாசி மைதானம் தரைக்குக் கீழே. வாசலில் நுழைந்தால் ஏறுவதற்குப் பதில் இறங்குவீர்கள். கீழ் வரிசை டிக்கெட் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்: இடைவேளையில் கழிப்பறைக்கோ காபிக்கோ போனால் அத்தனை படியும் ஏற வேண்டும், திரும்ப இறங்க வேண்டும். முட்டிவலி உள்ளவர்களைக் கீழே உட்கார வைக்காதீர்கள். மேல் வரிசையே அவர்களுக்கு வசதி.

கிண்ணம் போன்ற இந்த மைதானம் அகலமானது, சரிவு குறைவு. அதனால் முன்பு சத்தம் மேலே போய்க் கரைந்துவிடும் என்பார்கள். 2010இல் 22.6 கோடி டாலர் செலவில் கிழக்கிலும் மேற்கிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுப்பிய பிறகு சத்தம் உள்ளேயே சுழல்கிறது. எதிரணி மூன்றாவது டவுனில் (பத்து யார்டு நகரக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவது) நிற்கும்போது பக்கத்து ஆள் காதில் கத்தினாலும் கேட்காது. சின்னக் குழந்தையோடு போனால் காதடைப்பான் கட்டாயம்.

பெஞ்சு மட்டும்தான் பெரிய குறை. நீளமான உலோகப் பலகை, எண் ஒட்டியிருக்கும், அவ்வளவே. செப்டம்பரில் டி-ஷர்ட்டோடு சரியாக இருக்கும் அகலம், நவம்பரில் ஒவ்வொருவரும் தடித்த கோட்டு போட்டதும் போதாது. வரிசையின் ஓரத்து ஆள் படிக்கட்டில் பாதி தொங்குவார். சீக்கிரம் போய் இடத்தைப் பிடிப்பதுதான் ஒரே வழி. கோட்டு ஒன்று தடியாகப் போடுவதைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு போடுங்கள். இடமும் மிஞ்சும், சூடும் நிற்கும். பாதம்தான் முதலில் விறைக்கும், ஏனென்றால் கான்கிரீட் சூட்டை உறிஞ்சும். அட்டைப் பெட்டியைப் பிரித்து ஒரு துண்டை மடித்து எடுத்துப்போய்க் காலுக்கடியில் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். மதிய ஆட்டத்தில் மேற்குப் பக்கம் சீக்கிரம் நிழலாகிவிடும், அங்கே குளிர் அதிகம். கிழக்கில் வெயில் கிடைக்கும், ஆனால் கண் கூசும்.

பை கொண்டுபோகாதீர்கள். எல்லாம் சட்டைப்பையில் அடங்க வேண்டும். டிக்கெட் ஃபோனில்தான். லட்சம் பேர் ஒரே இடத்தில் கூடினால் நெட்வொர்க் திணறும், குளிரில் பேட்டரியும் சட்டென்று இறங்கும். வீட்டிலேயே டிக்கெட்டை ஃபோன் வாலட்டில் சேமித்துவிட்டு, ஃபோனை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். பியர் விற்பனை 2024இலிருந்து உண்டு.

கொலம்பஸிலிருந்து ஏறக்குறைய 190 மைல், பெரும்பாலும் 23ஆம் எண் நெடுஞ்சாலை, சாதாரண நாளில் மூன்று மணி நேரம் சொச்சம். மைதானத்துக்கு எதிரே பயனியர் உயர்நிலைப் பள்ளி வளாகமும் கோல்ஃப் மைதானமும் பார்க்கிங் ஆகிவிடும். மழையோ பனியோ பெய்திருந்தால் புல்தரையில் நிறுத்தாதீர்கள். சக்கரம் சேற்றில் புதைந்தால் கிளம்பும் நேரத்தில் தள்ள ஆள் கிடைக்காது. பன்னிரண்டு மணி ஆட்டத்துக்குக் காலை எட்டரைக்குள் ஊருக்குள் இருந்தால் நிம்மதி. முடிந்ததும் உடனே வண்டியை எடுத்தால் ஒரு மணி நேரம் அதே இடத்தில் நிற்பீர்கள். பார்க்கிங்கில் அடுப்பு மூட்டிச் சமைப்பவர்களோடு நின்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதே நல்லது.

ஒஹாயோவின் சிவப்புச் சட்டை போட்டுப் போகலாமா? போகலாம். கேலி இருக்கும், தோற்றால் கூடுதலாக இருக்கும். ஆனால் சுற்றியிருப்பவர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள். நல்ல கேட்ச்சுக்கு எந்த அணியானாலும் தலையசைப்பார்கள், லைன் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் விரிவாகப் பேசுவார்கள். ஆட்டம் தொடங்குமுன் மிச்சிகன் ஆட்டக்காரர்கள் சுரங்கவழியிலிருந்து ஓடிவந்து நீலப் பதாகையைத் துள்ளித் தொடும் காட்சிக்கு இருக்கையில் இருங்கள். 1973இல் நம் ஆட்டக்காரர்கள் அந்தப் பதாகையைக் கிழித்து இறக்கினார்கள். அந்த ஆட்டம் 10-10 என்று சமமாக முடிந்தது.

2025 நவம்பரில் இங்கேயே 27-9 என்று ஜெயித்து நான்கு வருடக் கணக்கை நிறுத்தினோம். ஒஹாயோ அடுத்து ஆன் ஆர்பர் வருவது 2027இல். எண்ட் ஸோன் மேல் வரிசை டிக்கெட்டுகள்தான் முதலில் தீரும் என்று நினைக்க வேண்டாம், எல்லோரும் நடுப்பகுதிக்குத்தான் முட்டிமோதுவார்கள். ஸ்னாப் ஆனதும் பந்தைப் பார்க்காமல் வலது கார்டைப் பாருங்கள்.