எலியாவா, கியூமுலஸா: ஓசூரிலிருந்து ஒரு கணக்கு

எங்களுடையது ஓசூரில் ஒரு சின்னக் கல்லூரி. ஓவியமும் வடிவமைப்பும் மட்டும்தான் சொல்லித்தருகிறோம். உலகக் கலைக்கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்றில் சேரலாம் என்று பேச்சு வந்தபோது, எதில் சேர்வது என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கடைசியில் மிஞ்சியவை இரண்டு: ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் எலியா, ஹெல்சிங்கியில் இருக்கும் கியூமுலஸ். முதல் பெயரைக் கேட்டதும், "எலிங்களா சார்? பொறி வாங்கணுமா?" என்றார் அலுவலகத்துப் பெரியவர்.

இரண்டும் 1990இல் தொடங்கியவை. வருடாவருடம் சந்தா கட்ட வேண்டும். இதில் பேச ஒன்றுமில்லை.

எலியா ஐரோப்பாவை மையமாகக் கொண்டது. வெளியிலும் உறுப்பினர்கள் உண்டு. நடனம், நாடகம், இசை, சினிமா எல்லாவற்றுக்கும் அதில் இடமிருக்கிறது. கலையில் முனைவர் பட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று 2016இல் புளோரன்ஸ் கோட்பாடுகளை வெளியிட்டதும் அவர்கள்தான். தருமபுரிப் பக்கத்துக் கூத்து வாத்தியார்களை வைத்துப் பாடம் நடத்தும் கல்லூரி ஒன்று நாளைக்கு வந்தால், எலியாவில் சேருங்கள் என்பேன். எங்களிடம் மேடையும் இல்லை, முனைவர் படிப்பும் இல்லை.

கியூமுலஸின் எல்லை கலை, வடிவமைப்பு, ஊடகம். எங்களுக்கு அது போதும். ஆனால் என் முடிவு அதனால் வந்ததல்ல. கூட்டம் எந்த ஊரில் நடக்கிறது என்பதால் வந்தது.

இந்த மாதிரி அமைப்பில் காரியம் நடப்பது டீ இடைவேளையில்தான். பக்கத்தில் நிற்பவரிடம் பேசி, அவர் மாணவர்களை இங்கே அனுப்பச் சம்மதித்தால் உண்டு. மின்னஞ்சலுக்குப் பதில் வருவதே அபூர்வம். ஆகவே ஆள் போக வேண்டும். எலியாவின் பெரிய மாநாடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை: 2018இல் ராட்டர்டாம், 2022இல் ஹெல்சிங்கி, 2024இல் மிலான். சந்தாவைக் கூடக் கட்டிவிடலாம். விசா, விமானம், ஓட்டல், அப்புறம் அந்த வாரம் வகுப்பை யார் எடுப்பது?

கியூமுலஸ் மாநாட்டை உறுப்பினர் கல்லூரிகள் மாறிமாறி நடத்துகின்றன. 2015இல் மும்பை ஐஐடியில் நடந்தது, 2016இல் ஹாங்காங்கில். 2017 நவம்பரில் பெங்களூரு சிருஷ்டி வடிவமைப்புக் கல்லூரியில்! ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அப்போது நாங்கள் உறுப்பினர் இல்லை. கைக்காசு போட்டுப் பதிவுசெய்து, காலையில் பஸ் ஏறி, சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினேன். எனக்குத் தெரிந்து இதைவிடச் சல்லிசான வெளிநாட்டுத் தொடர்பு கிடையாது.

அதற்காகத் திரும்பவும் நம் பக்கத்திலேயே நடக்கும் என்று நம்பிச் சேரக்கூடாது. நாங்கள் கியூமுலஸில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இதுவரை கிடைத்தது ஒரே ஒரு மாணவர் பட்டறை, அதுவும் ஜூமில். எலியாவை நான் பார்த்ததோ ஓர் இணையக் கூட்டத்தின் வழியாக மட்டும். உள்ளே இருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

சந்தா ரசீதில் கையெழுத்துப் போடும்போது எங்கள் முதல்வர் வேறெதுவும் கேட்பதில்லை. "இந்த வருஷம் எந்த ஊர்?"