ஏரியலுக்கு நிறம், ஸ்னோ ஒயிட்டுக்கு வாய்

டிஸ்னியின் இரண்டு மறுஆக்கங்கள் ('தி லிட்டில் மெர்மெய்ட்', 'ஸ்னோ ஒயிட்'), இரண்டு நடிகைகள். இருவருக்கும் வசைமழைதான், ஆனால் காரணம் ஒன்றல்ல.

ஹாலி பெய்லிதான் கடற்கன்னி ஏரியல் என்று 2019-இல் அறிவித்ததுமே, 'இவள் என் ஏரியல் இல்லை' என்று ஹேஷ்டேக் கிளம்பியது. அவர் வாயே திறக்கவில்லை. கறுப்பினத்தவர் என்பதே குற்றம். (பாதி மீன் என்பதை நம்பியவர்களால் தோலின் நிறத்தை நம்ப முடியவில்லையாம்!) 2023-இல் வெளிவந்த படம் உலகளவில் சுமார் 57 கோடி டாலர் வசூலித்தது.

ஸ்னோ ஒயிட்டாக நடித்த ரேச்சல் செக்லர் விவகாரம் சிக்கலானது. கொலம்பிய வம்சாவளித் தாயின் மகள் என்பதால் இங்கும் முதலில் வந்தது நிறப் பேச்சுதான். பிறகு, 1937-இல் வந்த மூலப் படத்தின் இளவரசன் நாயகியைப் பின்தொடர்ந்து திரிகிறவன் என்று அவர் கிண்டலடித்த 2022 பேட்டி அடுத்த ஆண்டு வைரலானது. 2024-இல் பாலஸ்தீன ஆதரவுப் பதிவு. டிரம்ப் வென்றதும் காட்டமான இன்னொன்று. பின்னதற்கு மன்னிப்பும் கேட்டார். 2025 மார்ச்சில் வந்த படம் சுமார் 20 கோடி டாலரோடு நின்றது. தயாரிப்புச் செலவே அதைவிட அதிகம்.

பழைய படத்தைக் கேலி செய்தது எனக்கும் உவப்பில்லை. அதன் ரசிகர்களிடம்தானே டிக்கெட் விற்க வேண்டும்? ஆனாலும் தோல்வியை அவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். கணினியில் செய்த அந்த ஏழு குள்ளர்கள் டிரெய்லரிலேயே ஒட்டவில்லை.

பெய்லிக்காக டிஸ்னியின் ஃப்ரீஃபார்ம் சேனல் பகிரங்கக் கடிதமே வெளியிட்டது. செக்லர் படத்துக்கோ, ஹாலிவுட் பிரீமியரில் வழக்கமான சிவப்புக் கம்பளப் பேட்டிகளைக்கூடச் சுருக்கிவிட்டார்கள்.