டாம்கேட்டில் த்ரெட்டும் நினைவகமும்: ஐந்தாண்டு அனுபவம்

அலுவலகப் பணியாளர்களுக்கான வலைச் செயலி ஒன்றை, 8 ஜிபி நினைவகம் கொண்ட லினக்ஸ் சர்வரில், அப்பாச்சி டாம்கேட் 9 (ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் சர்வர் மென்பொருள்) கொண்டு ஐந்தாண்டுகளாக நடத்தி வருகிறேன். டாம்கேட் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அதற்கு எத்தனை த்ரெட் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் இழை) வேண்டும், எவ்வளவு நினைவகம் ஒதுக்க வேண்டும் என்பதைக் கணக்கிடாமல் முடிவுசெய்ததால் முதல் இரண்டு ஆண்டுகளும் மாதக் கடைசி நாட்களில் மிகவும் சிரமப்பட்டேன்.

செயலி திணறியபோது, த்ரெட்டுகளின் உச்ச எண்ணிக்கையான, இயல்பாக 200 ஆக இருக்கும் மேக்ஸ்த்ரெட்ஸ் மதிப்பை 800 ஆக உயர்த்தினேன். நிலைமை மேலும் மோசமானது. அன்றிரவு ஜேஸ்டாக் என்ற ஜாவா கருவி கொண்டு த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்நொடியில் என்ன செய்கிறது என்ற பட்டியல்) எடுத்து வரிவரியாகப் படித்தேன். பக்கம் பக்கமாக ஒரே காட்சிதான்: தரவுத்தள இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் ஹிகாரி பூலிலிருந்து ஓர் இணைப்பு கிடைக்கும் என்று நூற்றுக்கணக்கான த்ரெட்டுகள் காத்துக்கிடந்தன. ஹிகாரியின் இயல்பான அளவு 10 இணைப்புகள். நானும் அதை மாற்றியிருக்கவில்லை. பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் வரிசையில் நின்று, 30 விநாடிகள் கழிந்ததும் பிழைச் செய்தியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையான காரணம், இண்டெக்ஸ் (தரவை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாததால் மெதுவாக ஓடிய ஓர் அறிக்கை வினவல்.

அதன்பின் 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய சூத்திரத்தைத்தான் (ஒரே நேரத்தில் வேலையில் இருப்பவை = வரும் வேகம் × எடுக்கும் நேரம்) நம்புகிறேன். விநாடிக்கு 60 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் கால் விநாடி எடுத்தால், ஒரே நேரத்தில் வேலையில் இருப்பவை சராசரியாக 15 த்ரெட்டுகளே. அதே கோரிக்கைகள் தலா 3 விநாடி எடுக்கத் தொடங்கினால் 180 தேவைப்படும். ஆகவே த்ரெட் போதவில்லை என்று தோன்றும்போது, முதலில் பார்க்க வேண்டியது பதிலளிக்கும் நேரத்தை.

காத்திருக்கும் இணைப்புகளின் இயங்குதள வரிசை நீளத்தைக் குறிக்கும் அக்செப்ட்கவுன்ட் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது, எனக்கும் இருந்தது. த்ரெட்டுகள் தீர்ந்த உடனேயே அது செயலுக்கு வந்துவிடுவதில்லை. டாம்கேட்டில் இணைப்புகளை ஏற்கும் பகுதியான என்ஐஓ இணைப்பியில் மேக்ஸ்கனெக்‌ஷன்ஸ் வரம்பான 8192 வரை டாம்கேட் இணைப்புகளை ஏற்றுக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டிய பிறகே இயங்குதளத்தின் வரிசை நிரம்பத் தொடங்கும். அதனால் பயனர் மறுக்கப்படுவதில்லை, காத்திருக்க வைக்கப்படுகிறார். சிறிய சர்வரில் அந்த வரம்பைக் குறைத்துவிடுவதே நல்லது என்பது என் முடிவு.

நினைவகத்தில் நடந்தது இதைவிடக் கடுமையானது. 8 ஜிபியில் 6 ஜிபியை ஹீப்புக்கே (ஜாவா நிரல் தன் தரவை வைக்கும் நினைவகப் பகுதி) கொடுத்திருந்தேன். ஒரு நாள் ஜாவா செயல்முறை திடீரென மறைந்தது; டாம்கேட் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸின் மையமான கெர்னலே அதைக் கொன்றிருந்தது, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக் வெளியீட்டில்தான் தெரிந்தது. ஹீப் என்பது ஜேவிஎம் (ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருள்) எடுக்கும் நினைவகத்தில் ஒரு பகுதி மட்டுமே. 64-பிட் லினக்ஸில் த்ரெட் ஒவ்வொன்றுக்கும் இயல்பாக 1 எம்பி வரை ஸ்டாக், அதோடு மெட்டாஸ்பேஸ், கோட் கேஷ், நேரடி பஃபர்கள், இயங்குதளத்தின் கோப்பு கேஷ் ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

இப்போது, பயன்படாத நினைவகத்தை ஜாவா விடுவிக்கும் முழு கார்பேஜ் கலெக்‌ஷனுக்குப் பின் ஹீப்பில் எஞ்சுவதைக் கவனித்து, அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 4 ஜிபி ஒதுக்கியிருக்கிறேன். த்ரெட் 150, தரவுத்தள இணைப்பு 20. ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட்டுகளைச் (குறைந்த நினைவகத்தில் மிகப் பல உருவாக்கக்கூடிய இலகுவான த்ரெட்டுகள்) சோதனைச் சர்வரில் முயன்று வருகிறேன். த்ரெட் பஞ்சம் அங்கே தீர்ந்தது, ஆனால் அந்த 20 இணைப்புகளின் முன்னால் வரிசை அப்படியேதான் நிற்கிறது.