தேயிலைத் தோட்டத்தில் முகாமைத்துவக் கட்டுப்பாட்டு முறை: பல வருடம் பாவித்த அனுபவம்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றின் ஆபிஸில் செலவுக் கணக்குப் பார்க்கிறேன். கொழுந்து நிறுவை, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கணக்கு, பட்ஜெட், மாத அறிக்கை எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்த கட்டுப்பாட்டு முறை இங்கே வந்து பல வருடமாகிவிட்டது. இப்படியொன்றைப் போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். என்னைக் கேட்டால் கட்டாயம் போடுங்கள். ஆனால் எந்தக் கணக்கு, யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போகிறது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுப் போடுங்கள்.

எங்களுக்கு அதிகம் உதவியது தினத்தாள். நேற்று மலையில், அதாவது கொழுந்து பறிக்கும் இடத்தில், நிறுத்த கொழுந்து, ஸ்டோருக்கு வந்து சேர்ந்த கொழுந்து, கிடைத்த தூள், எரிந்த விறகு, கரண்ட் யூனிட் எல்லாம் ஒரே பக்கத்தில், காலையிலேயே ஸ்டோர் வேலையைப் பார்க்கும் டீமேக்கர் மேசைக்கும், தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவான டிவிசனுக்கும் போய்விடும். 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள் வரவேண்டும். அது குறைந்தால் மழை ஈரமா, முற்றின இலையா, நிறுவையில் கோளாறா என்று அன்றைக்கே தேடலாம்.

ஒருமுறை ஒரு டிவிசனில் மட்டும் மலை நிறுவைக்கும் ஸ்டோர் நிறுவைக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. தராசைச் சோதித்தோம், சரியாக இருந்தது. அப்புறம் டீமேக்கர் லொறியடிக்கே போய், வந்திறங்கிய சாக்கொன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே சுட்டது, நடுவிலிருந்த கொழுந்து சிவந்திருந்தது. லொறி வேறு பக்கம் சுற்றிவிட்டு வரும்வரை அந்த டிவிசன் கொழுந்து வெயிலில் காத்துக்கிடந்திருக்கிறது. லொறி போகும் வரிசையை மாற்றினோம், வித்தியாசம் அடங்கியது. மாத அறிக்கையில் இது எல்லா டிவிசனுக்கும் பொதுவான சராசரிக்குள் கரைந்து போயிருக்கும். அந்த அறிக்கை கைக்கு வருவதே அடுத்த மாதம் நடுவில்.

இரண்டாவது விசயம், எதை அளக்கிறோம் என்பது. ஆரம்பத்தில் ஆளுக்கு எத்தனை கிலோ என்பது மட்டும்தான் தாளில் இருந்தது. கிலோ கூடியது உண்மை. கூடவே முற்றின இலையும் தண்டும் வந்தன, கொழும்பு ஏலத்தில் விலை இறங்கியது. பிறகு கொழுந்தில் ஒரு பிடி எடுத்துப் பிரித்து எண்ணி, நல்ல கொழுந்து 60 வீதம் என்று இலக்கு வைத்து, அதையும் கிலோவுக்குப் பக்கத்திலேயே எழுதத் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் டிவிசனில் ரவுண்டை, அதாவது ஒரே மலைக்கு மறுபடி பறிக்கப் போகும் இடைவெளியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஏழெட்டு நாளில் திரும்ப வேண்டிய மலைக்குத் தாமதமாகப் போனால் கொழுந்து முற்றாமல் என்ன செய்யும்? முகாமைத்துவ நிபுணர்களான கப்லானும் நோர்டனும் 1992ல் சமநிலைப் புள்ளி அட்டை (Balanced Scorecard) என்ற முறையை முன்வைத்தபோது, பணக் கணக்கோடு வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். தோட்டத்தில் அதன் அருமை நன்றாகவே தெரியும். ஏல விலை வருகிற நேரத்தில் அந்தக் கொழுந்து பறித்துப் பல நாளாகியிருக்கும்.

பட்ஜெட்டை 12ஆல் பிரித்து மாத இலக்கு வைக்காதீர்கள். எங்கள் பக்கம் வருடத் தொடக்கத்தில் வறட்சியும் பனியும், கொழுந்து குறைவு, ஆனால் தரம் உச்சத்தில் இருக்கும். ஏப்ரல், மேயில் கொழுந்து கொட்டும். இது தெரியாத இலக்கு தை, மாசியில் எல்லோரையும் குற்றவாளியாக்கிவிடும். 2021ல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அடுத்த வருடம் நாட்டின் உற்பத்தியே சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு இறங்கியது. அப்போது பழைய இலக்கோடு ஒப்பிட்டுக் காரணம் கேட்டுக்கொண்டிருந்ததில் யாருக்கும் பிரயோசனமில்லை. இலக்கைத் திருத்தி, விறகு, டீசல், கழிவுத் தூள் போன்ற எங்கள் கைக்குள் இருந்தவற்றைத் தனியாகப் பார்த்த பிறகுதான் கூட்டங்கள் வேலைக்கு உதவின.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான கொழுந்து மடுவத்தில் நடந்தது. டிஜிட்டல் தராசின் முகத்தை இப்போது கொழுந்து கொடுக்கிறவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். சாக்குக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு கழித்தது என்று ரசீதுத் துண்டில் தனித்தனியாக அச்சாகிறது. முன்பெல்லாம் கொழுந்து நிறுவையைப் பதிகிறவரிடம் "கணக்கப்பிள்ளை ஐயா, எனக்கு ஏன் குறையுது?" என்று கேட்கிற அக்காமாருக்குச் சரியான பதில் கிடைக்காது. இப்போது அவர்களே துண்டைப் பார்த்துக் கூட்டிச் சொல்கிறார்கள். கட்டுப்பாடு என்றால் நிர்வாகத்தின் கையும் அதற்குள் அடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. கணக்கப்பிள்ளை பதிகிற டெப் (டேப்லட்) முழுக்க இங்கிலீஷ். மேல் மலைகளில் சிக்னல் கிடைக்காதபோது பதிவு செய்தவை சில தடவை அழிந்து போயின, கையால் எழுதி மீண்டும் ஏற்றினோம். வாங்குவதற்கு முன் தமிழ்த் திரை இருக்கிறதா, சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு தங்குமா என்று மலையிலேயே வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மாத அறிக்கையை அழகாக்குகிற செலவைக் குறைத்து, அந்தக் காசில் இன்னொரு தராசு வாங்கலாம்.